பிளீச்சிங் போட்டால் பயோஃபில்டர் என்ன ஆகும்? இறால் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினம் பக்கம் ஒரு வனாமி (வெள்ளைக்கால் இறால்) நர்சரியில் தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. உப்பு, பி.எச்., அம்மோனியா, நைட்ரைட் என்று காலையும் மாலையும் டெஸ்ட் கிட்டும் கையுமாக அலைகிற வேலை. "பிளீச்சிங் போட்டு தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், ஆனா அம்மோனியா ஏறுது, விப்ரியோவும் கூடுது, எப்படி?" என்று மாதத்தில் நாலு பேராவது போன் செய்து கேட்கிறார்கள். விப்ரியோ என்பது இறாலுக்கு நோய் தருகிற பாக்டீரியா, பயோஃபில்டர் என்பது பாக்டீரியாவை வைத்தே தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஃபில்டர். இந்தக் கேள்விக்குப் பதில் உயிரிப்படலம் என்கிற ஒன்றில் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

உயிரிப்படலம் என்கிறீர்களே, அது என்ன?

ராத்திரி பல் துலக்காமல் படுத்தால் காலையில் பல்லின் மேல் மாவு மாதிரி நாக்கில் தட்டுப்படுமே, அதுதான். மாடித் தொட்டியின் உள்சுவரைத் தடவினால் வழுக்குகிற வழவழப்பும் அதுவே. பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, பசை மாதிரி ஒன்றைத் தாங்களே சுரந்து, அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. ஹேச்சரி (இறால் குஞ்சு பொரிப்பகம்) பயோஃபில்டரில் சிப்பி ஓடு கொட்டுவதும், புதிய முறையில் பிளாஸ்டிக் மீடியாவைத் தண்ணீரில் சுழல விடுவதும் இந்தப் படலம் ஒட்டுவதற்கு இடம் கொடுக்கத்தான். நாம் காசு கொடுத்து வாங்குவது பிளாஸ்டிக்கை, வேலை செய்வது அதன் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பு.

அதே வழவழப்பு பி.வி.சி. குழாயின் உள்ளேயும், ஏர் கல்லிலும், தொட்டி மூலையிலும் படியும். அங்கே நமக்கு வேண்டாத விப்ரியோவும் குடியேறும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது: வேண்டிய படலம், வேண்டாத படலம் இரண்டையும் மருந்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அது தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்கிறது?

35 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 1 கிலோ போட்டால், அதில் சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜனாகத் தண்ணீருக்கு வந்துவிடும். படலத்தில் இருக்கும் ஒரு கூட்டம் (நைட்ரோசோமோனாஸ் வகை) அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் (நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா) நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் இறாலுக்கு அவ்வளவு தொந்தரவில்லை. இந்த வேலைக்கு 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 4.6 கிராம் ஆக்சிஜனும் 7 கிராம் காரத்தன்மையும் (பி.எச். விழாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் சத்து) செலவாகும். அந்த 7 கிராமை ஈடுகட்டச் சுமார் 12 கிராம் சமையல் சோடா வேண்டும். பயோஃபில்டர் வைத்திருப்பவர்கள் பலர் ஏரேட்டரைப் பார்ப்பார்கள், காரத்தன்மையைப் பார்க்க மாட்டார்கள். மருந்தே போடாமல் ஃபில்டர் படுத்துவிட்டது என்று சொன்னால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சரி, பிளீச்சிங் போட்டால் படலம் செத்துவிடுமா?

அளவையும் நேரத்தையும் பொறுத்தது. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவைப் பிளீச்சிங்கில் இருக்கும் குளோரின் நிமிடங்களில் கொன்றுவிடும். படலத்துக்குள் இருப்பது அப்படிச் சாகாது, ஏனென்றால் வெளியே இருக்கும் பசை குளோரினை முதலில் தின்றுவிடும். அடியில் இருப்பவற்றுக்குப் போய்ச் சேரும்போது சக்தி பாதி போயிருக்கும். மிதக்கும் பாக்டீரியா தாங்குவதைவிடப் பல மடங்கு, சில சமயம் நூறு மடங்குக்கு மேலும் படலத்துக்குள் இருப்பவை தாங்கும்.

இதைக் கேட்டதும் "அப்போ நம்ம பயோஃபில்டர் தப்பிச்சிடும்" என்று சந்தோஷப்பட வேண்டாம். ரிசர்வாயருக்கு (வளர்ப்புக்கு ஏற்றுமுன் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குளம்) போடுகிற அளவில் குளோரின் ஒரு நாள் முழுக்க ஃபில்டரில் நின்றால், அதற்கப்புறம் அந்த ஃபில்டரைப் புதிது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த அளவில் கசிந்து வந்தால் இன்னொரு விதமாகக் கெடும். மேல் அடுக்கு சாகும், அடி அடுக்கு பிழைக்கும், வேலை பாதியாகும், அதே நேரம் நோய்க்கிருமியும் முழுதாகச் சாகாது. நல்லதும் போச்சு, கெட்டதும் போகவில்லை என்கிற நிலை.

எங்களுக்கே நடந்தது. காலித் தொட்டியைக் குளோரின் போட்டுக் கழுவிய தண்ணீரைப் புதிதாகச் சேர்ந்த பையன் வடிகாலில் திறந்துவிட்டான், சம்ப்புக்கு (ஃபில்டர் தண்ணீர் சேரும் தொட்டி) போகிற வால்வு மூடாமல் இருந்தது. யாருக்கும் வாடைகூட வரவில்லை. மூன்றாம் நாள் அம்மோனியா ஏறியது. அதைச் சமாளித்து மூச்சுவிடுவதற்குள் பத்தாம் நாள் நைட்ரைட் ஏறியது, அது இறங்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, வால்வில் அடையாளம் கட்டாதது என் தப்பு.

நைட்ரைட் ஏன் தாமதமாக ஏறியது?

முதல் கூட்டம் முன்னால் மீண்டுவரும், இரண்டாம் கூட்டம் மெதுவாக வரும். இடைப்பட்ட நாட்களில் நைட்ரைட் சேர்ந்துகொண்டே போகும். கடல் உப்பில் இருக்கும் குளோரைடு இறாலை ஓரளவு காப்பாற்றும் என்பதால் 25 உப்பில் (லிட்டருக்கு 25 கிராம்) தாங்குகிற நைட்ரைட்டை 5 உப்பில் தாங்காது. போர் தண்ணீரில் குறைந்த உப்பில் வளர்ப்பவர்களுக்குத்தான் இது பெரிய அடி.

ரிசர்வாயருக்கு எவ்வளவு பிளீச்சிங்?

வழக்கமாகச் சொல்கிற அளவு 60 பி.பி.எம். (லிட்டருக்கு 60 மில்லிகிராம்) பவுடர். 1 ஏக்கர், 1 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 4,050 கன மீட்டர், அதாவது சுமார் 40 லட்சம் லிட்டர். பவுடர் 243 கிலோ வரும். பவுடரில் குளோரின் 30 முதல் 35 சதவீதம் இருந்தால் தண்ணீரில் 20 பி.பி.எம். அளவுக்குக் குளோரின் கிடைக்கும். "இருந்தால்" என்பதைக் கவனியுங்கள். கடற்கரைக் காற்றில் ஷெட்டில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அந்த 30 இருக்காது. வாடை மூக்கைத் துளைக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பி.எச். இன்னொரு விஷயம். குளோரினில் கிருமியைக் கொல்கிற வடிவம் ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5-ல் அது பாதி இருக்கும், 8.5-ல் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடரோடு சுண்ணாம்பும் வருவதால் போடப் போட பி.எச். தானாகவே ஏறும். ஆனால் கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது, குளோரின் அதோடு சேர்ந்து புரோமின் சேர்மமாக மாறிவிடும், அது உயர்ந்த பி.எச்.சிலும் நன்றாக வேலை செய்யும். அதனால் உப்புத் தண்ணீரில் நன்னீர்க் கணக்கு அப்படியே பொருந்தாது. பொதுவாக, ஆறுமணிக்கு மேல் வெயில் தாழ்ந்ததும் போடுங்கள், பகலில் போட்டால் பாதியை வெயிலே தின்றுவிடும்.

எத்தனை நாள் கழித்து அந்தத் தண்ணீரைப் பயோஃபில்டருக்கு விடலாம்?

நாள் கணக்கு வேண்டாம், சோதனை செய்து பாருங்கள். ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் வரக்கூடாது. இல்லை, டி.பி.டி. மாத்திரை போட்டால் ரோஸ் நிறம் வரக்கூடாது. திறந்த குளத்தில் நல்ல வெயிலும் ஏரேட்டரும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் அதே இரண்டு மூன்று நாளை நம்பக்கூடாது.

அவசரத்துக்கு சோடியம் தயோசல்ஃபேட் (எல்லாரும் தயோ என்பதுதான்). மிச்சமிருக்கும் குளோரின் 1 பி.பி.எம்.முக்கு 7 பி.பி.எம். தயோ என்பது பாதுகாப்பான கணக்கு. போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி சோதனை செய்யுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தண்ணீரில் ஏற்கெனவே அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு ஒட்டிக் குளோரமைன் ஆகிவிடும். அது கிருமியை மெதுவாகக் கொல்லும், ஆனால் லேசில் போகாது, படலத்துக்குள் சாவகாசமாக ஊறும். தயோ போட்டால் குளோரின் போகும், பிடித்து வைத்திருந்த அம்மோனியா தண்ணீருக்கே திரும்பும். "தயோ போட்டதும் அம்மோனியா வந்துடுச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை, அது இதுதான்.

கிருமிநாசினி போட்டபிறகு விப்ரியோ ஏன் முன்னைவிடக் கூடுகிறது?

எல்லாரையும் காலி செய்துவிட்டால் ஊரில் முதலில் யார் வந்து குடியேறுவார்கள் என்பதுதான் விஷயம். விப்ரியோவுக்குச் சூழல் பிடித்துவிட்டால் அரை மணிக்குள் ஒன்று இரண்டாகும். அம்மோனியா தின்னும் பாக்டீரியாவுக்கு அதே வேலைக்கு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஒன்று மீட்டர் வட்டி, இன்னொன்று தபால் ஆபீஸ் வட்டி. அதோடு, செத்த பாக்டீரியாவும் பாசியும் கரைந்து உணவாகத் தண்ணீரில் கிடக்கும், போட்டிக்கும் ஆளில்லை. முதலில் வருகிறவனுக்கு விருந்து.

இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. 1990களில் நார்வேயில் கடல்மீன் குஞ்சுகளை வைத்து ஆராய்ந்தவர்கள், கிருமிநீக்கம் செய்த தண்ணீரைச் சில நாள் பயோஃபில்டர் வழியாக ஓடவிட்டுப் பக்குவப்படுத்தியபின் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் அவை நன்றாகத் தேறுகின்றன என்று காட்டினார்கள். மெதுவாக வளரும் பாக்டீரியாக்கள் இடத்தையும் உணவையும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் வேகக்காரனுக்குத் திண்ணை கிடைக்காது. பிளீச்சிங் போட்ட தண்ணீரை நேராக பி.எல். (இறால் குஞ்சு) தொட்டிக்கு ஏற்றுகிறவர்கள் இந்தக் கட்டத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

அப்படியானால் கிருமிநாசினியே வேண்டாமா?

வேண்டும். 1994-ல் வெண்புள்ளி நோய் இந்தியக் கரைக்கு வந்தபின் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் வரி இறால் குளங்கள் எப்படிக் காலியாயின என்று வயதான பண்ணைக்காரர் யாரையாவது கேளுங்கள். அந்த வைரஸ் நண்டிலும் சின்னச் சின்ன இறால் இனங்களிலும் ஏறி வரும். 60 பி.பி.எம். பிளீச்சிங் போடுவதன் முக்கிய நோக்கமே அந்தச் சுமைகூலிகளைக் கொல்வதுதான். 2009-ல் வனாமி வந்ததும் நோயற்ற தாய் இறால், நண்டு வேலி, பறவை வலை, ரிசர்வாயர் எல்லாம் கட்டாயமாக்கப்பட்டதும் இந்தப் பாடத்தால்தான்.

என் கட்சி இவ்வளவுதான்: கிருமிநாசினிக்கு இடம் வாசலில். ரிசர்வாயரில் போடுங்கள், காலித் தொட்டியில் போடுங்கள், வலை, வாளி, கால் நனைக்கும் தொட்டியில் போடுங்கள். இறாலும் படலமும் வாழ்கிற தண்ணீரில், கையில் டப்பா இருக்கிறதே என்பதற்காகப் போடாதீர்கள்.

பி.கே.சி., அயோடின், பர்மாங்கனேட், ஃபார்மலின்... இவையும் அப்படித்தானா?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம்.

பி.கே.சி. (பென்சல்கோனியம் குளோரைடு) எனக்குப் பிடிக்காத ஒன்று. சோப்பு வகை, நேர்மின் ஏற்றம் உள்ளது, களிமண்ணிலும் வண்டலிலும் படலத்திலும் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் சிதையாது. குறைந்த அளவில் அடிக்கடி போட்டால் அதைத் தாங்குகிற பாக்டீரியாவை நாமே வளர்க்கிறோம். பாசியையும் கொல்லும், மறுநாள் விடியற்காலையில் ஆக்சிஜன் விழும். வாராவாரம் அட்டவணை போட்டு ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

போவிடோன் அயோடின் கொஞ்சம் சாது. அழுக்குத் தண்ணீரில் சீக்கிரம் வலு இழக்கும். முட்டை, நாப்ளியஸ் (முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சு) நனைக்க நல்லது. குளத்துக்குள் ஊற்றினால் பாதிக் காசு வண்டலுக்கு.

பர்மாங்கனேட் கண்ணில் படுகிற அழுக்கையெல்லாம் எரிக்கும், படலத்தின் பசையையும் சேர்த்துத்தான். ஊதா நிறம் பழுப்பாகிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஃபார்மலின் விசித்திரமானது. குறைந்த அளவில் பழகிய பயோஃபில்டர் அதையே சிதைத்துத் தின்னக் கற்றுக்கொள்ளும், டென்மார்க்கில் மீன் பண்ணைகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பழகாத ஃபில்டரில் திடீரென்று ஊற்றினால் அந்தச் சலுகை கிடையாது. தண்ணீரில் ஆக்சிஜனையும் இழுக்கும். கையாள்கிற ஆளுக்கும் ஆபத்து, புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது.

ஹைட்ரஜன் பெராக்சைடு இந்தக் கூட்டத்தில் நல்ல பிள்ளை. தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், மிச்சம் வைக்காது. கொழுத்த படலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களே நொதி வைத்து அதை உடைத்துவிடும், ஆகவே முதிர்ந்த ஃபில்டர் ஓரளவு தாங்கும். இரண்டு வாரக் குழந்தை ஃபில்டர் தாங்காது.

மெத்திலீன் புளூ மட்டும் ஃபில்டர் பக்கமே வரக்கூடாது. அம்மோனியா வேலையை அப்படியே நிறுத்திவிடும்.

ஓசோன், யு.வி.?

யு.வி. விளக்கு படலத்துக்கு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது குழாயில் ஓடும் தண்ணீரை மட்டும்தான் தொடுகிறது, பின்னால் மிச்சம் விடுவதில்லை. மணல் ஃபில்டருக்கு அப்புறம் வையுங்கள், கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. ஓசோன் கடல்நீரில் அப்படியில்லை. புரோமைடு அதையும் பிடித்து நீடிக்கிற புரோமின் சேர்மமாக்கிவிடும். கார்பன் ஃபில்டர் தாண்டாமல் பயோஃபில்டருக்கு விட்டால் பிளீச்சிங் விட்ட கதைதான்.

குழாய்க்குள் இருக்கும் வழவழப்பை எப்படி எடுப்பது?

தண்ணீரில் கலந்த மருந்து மட்டும் போதாது. முதலில் தேய்க்க வேண்டும் அல்லது கரைக்க வேண்டும். இ.எச்.பி. என்கிற நுண்ணிய ஒட்டுண்ணி நோய் வந்த ஹேச்சரிகளுக்குச் சொல்லப்பட்ட முறை இதற்கும் பொருந்தும்: 2.5 சதவீதக் காஸ்டிக் சோடா, அதாவது நன்னீர் லிட்டருக்கு 25 கிராம், 3 மணி நேரம் நிற்கட்டும், அலசுங்கள், 7 நாள் காயவிடுங்கள், கடைசியில் பி.எச். 4.5-க்குக் கீழே கொண்டுவந்த 200 பி.பி.எம். குளோரின் தண்ணீரால் கழுவுங்கள். காயவிடுவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கென்னவோ அந்த 7 நாள்தான் பாதி மருந்து.

ஒரு எச்சரிக்கை: குளோரினில் அமிலம் சேர்த்தால் குளோரின் வாயு வரும். திறந்த வெளியில், முகக்கவசத்தோடு, நீர்த்த கரைசலில் மட்டும். டி.சி.சி.ஏ.வையும் (இன்னொரு வகைக் குளோரின் மருந்து) பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும்.

ஃபில்டர் படுத்துவிட்டது, தொட்டியில் இறால் இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

தீவனத்தை நிறுத்துங்கள், குறைந்தது பாதியாக்குங்கள். குளோரின் மிச்சம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தயோ. தயாராக வைத்திருக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். காரத்தன்மையை ஏற்றும்போது பி.எச். எகிறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பி.எச். கூடக் கூட அம்மோனியாவின் விஷமும் கூடும். அதனால் சுண்ணாம்பு வேண்டாம், சமையல் சோடா போதும்.

அப்புறம் வெல்லம் அல்லது மொலாசஸ். பயோஃபிளாக் (தண்ணீரிலேயே பாக்டீரியாத் திரளை வளர்க்கிற முறை) காரர்கள் செய்வதுதான். சர்க்கரை தின்னும் பாக்டீரியாக்கள் வேகமாக வளரும், வளரும்போது அம்மோனியாவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 20 கிராம் சர்க்கரைச்சத்து என்பது கணக்கு. ஏற்கெனவே சேர்ந்த நைட்ரைட்டை இது இறக்காது, ஆக்சிஜனையும் ஏகத்துக்கு இழுக்கும், எனவே ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெல்லத்தைக் கரையுங்கள்.

புரோபயாடிக் ஊற்றினால் ஃபில்டர் திரும்பாதா?

டப்பாவில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் பேசில்லஸ். அது வண்டலையும் கழிவையும் சிதைக்கும், விப்ரியோவோடு போட்டி போடும், நல்ல பாக்டீரியாதான், ஆனால் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிற வேலை அதனுடையது இல்லை. காலையில் பி.கே.சி., மாலையில் புரோபயாடிக் என்று போடுகிறவர்களுக்கு இரண்டு கடைக்காரரும் நன்றி சொல்வார்கள்.

புது ஃபில்டரைத் தயார் செய்ய எத்தனை நாள்?

உப்புத் தண்ணீரில் 4 முதல் 8 வாரம். இறால் வருவதற்கு முன்பே தொடங்குங்கள். 1 டன் தண்ணீருக்குச் சுமார் 11 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் 3 பி.பி.எம். அம்மோனியா நைட்ரஜன் வரும். அது இறங்கியதும் மறுபடி போடுங்கள். போட்ட மறுநாளே அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் ஃபில்டர் தயார். வேறு பண்ணையிலிருந்து முதிர்ந்த மீடியா கடன் வாங்கினால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் அதோடு அவர்கள் வீட்டு நோயும் வரும். உங்கள் சொந்த நோயற்ற தொட்டியில் ஒரு மூட்டை மீடியாவை எப்போதும் தனியாக ஓடவிட்டு வைத்திருங்கள், விதைநெல் மாதிரி.

நாங்கள் மண்குளம், பயோஃபில்டரே கிடையாது. எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?

உங்கள் குளத்தின் அடிமண்ணும் கரையும் ஏரேட்டர் கால்களும்தான் உங்கள் பயோஃபில்டர். மேற்கு வங்கத்தில் காக்துவீப்பில் உள்ள சி.ஐ.பி.ஏ. (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வு மையத்தில் குளத்துக்குள் மூங்கில் நட்டு, அதில் படரும் படலத்தை வரி இறாலுக்கே தீவனமாக்கிப் பார்த்திருக்கிறார்கள். வளர்ப்பின் நடுவில் குளத்தில் மருந்து ஊற்றினால் அந்தத் தீவனமும் போகும்.

மீடியாவில் சேறு அடைத்துக்கொண்டது. குழாய்த் தண்ணீரில் கழுவலாமா?

வேண்டாம். ஊர்க் குடிநீரில் குளோரின் இருக்கும், உப்பும் இருக்காது, இரண்டுமே படலத்துக்கு ஆகாது. அதே தொட்டியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் எடுத்து, மீடியாவை அதில் லேசாக அலசி, சேறு உதிர்ந்ததும் திரும்பப் போடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் அலச வேண்டாம், இந்த வாரம் மூன்றில் ஒரு பங்கு. வெயிலிலும் பரப்பி வைக்காதீர்கள். அலசிய தண்ணீரை வடிகாலில் ஊற்றும்போது சம்ப் வால்வு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.